இண்டியானாபோலிஸ் ரெக்ரூவும் நாலு தேசிக்காயும்

எனக்குக் கார் ஓடத் தெரியாது. இதைச் சொல்வதில் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை. மொன்றியலில் கார் ஓடத் தெரியாத ஐம்பது வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் மானத்தோடு போய் வருகிறார்கள். வெட்கம் அடுத்த வசனத்தில் இருக்கிறது. கார் ஓடத் தெரியாத நான், இருபது வருடங்களுக்கு மேலாக, மணித்தியாலத்துக்கு இருநூறு மைல் வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு எப்படி ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். அவர்கள் இண்டியானாபோலிஸில் இருந்தார்கள். நான் முதலில் என் அறையிலும், பிறகு மொன்றியலின் மேற்குப் பக்கத்து ரொக்ஸ்பரோவில் ஒரு நண்பர் வீட்டுச் சோபாவிலும் இருந்தேன். நான் சொன்னது அவர்களுக்குக் கேட்காமல் போனது அவர்கள் செய்த புண்ணியம்.

மே மாதக் கடைசி ஞாயிறு அங்கே ஒரு ரேஸ் நடக்கும். ஐந்நூறு மைல். முப்பத்து மூன்று கார்கள் ஒரே வட்டத்தில், ஒரே பக்கமாக, இடது பக்கம் மட்டும் திரும்பித் திரும்பி ஓடும். எங்கள் நகரத்தில் இன்னொரு ரேஸ் நடக்கிறது, தெரியும். அதற்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஆட்கள் ஆற்றுக்கு நடுவில் உள்ள சின்னத் தீவுக்குப் போவார்கள். எனக்கு அது சரிவரவில்லை. அதில் வலது பக்கமும் திரும்புகிறார்கள்.

அமெரிக்கக்காரரின் அந்த ஐந்நூறு மைலிலும் எனக்கு வெல்லுகிறவன் மேல் கண் இல்லை. என்னுடைய கண் எல்லாம் அந்த வருடம் முதல்தடவை ஓட வந்தவர்கள் மேல்தான். பிரெஞ்சு ரீவியில் அவர்களை 'ரெக்ரூ' என்பார்கள். புது ஆள், இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவன் என்று அர்த்தம். பொன்ஜூர், மெர்சி இரண்டுக்கும் பிறகு நான் படித்த மூன்றாவது பிரெஞ்சுச் சொல் அது.

படித்த இடம் கோட்-டே-நேஜில் ஒரு பேஸ்மென்ற் அறை. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வசந்தம். ஜன்னலால் பார்த்தால் ஆட்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரியும். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் விட்டுவிட்டுப் போன ரீவியில் ஒரே ஒரு சனல் தெளிவாக வரும். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பாஷை தெரியாமல் பார்க்கக்கூடிய நிகழ்ச்சி உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று தோன்றியது. நாங்கள் வந்துசேர்ந்த விதமும் கிட்டத்தட்ட அப்படித்தான், நாடு நாடாக நிற்காமல் சுற்றி. ஆகவே பார்த்தேன்.

அடுத்த நாள் பிரெஞ்சு வகுப்பில், புதிதாகப் படித்த சொல்லை வைத்து வசனம் சொல்லச் சொன்னார் ரீச்சர். நான் எழும்பி நின்று, நான் ஒரு ரெக்ரூ என்று சொன்னேன். அவரின் முகம் மாறிவிட்டது. பட்டாளத்தில் சேருகிறவனுக்கும் அதே சொல்தான் என்பது எனக்குத் தெரியாது. அகதி விண்ணப்பம் கையில் இருக்கிற ஒருத்தன் எழும்பி நின்று அறிவிக்கக்கூடிய விஷயம் அல்ல அது. கையால் ஸ்ரியரிங் சுற்றிக் காட்டித்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் நான் ஒரு கார் ஓட்டக்காரன். யோசித்துப் பார்த்தால் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

ரெக்ரூக்களை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அங்கே எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் வந்தாலும் முதல்தடவை என்றால் சோதனை வைப்பார்கள். முதலில் இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே, கோடு மாறாதே என்று கொஞ்சச் சுற்று. அது சரி என்றால் இன்னும் கொஞ்சம் வேகம். பிறகுதான் மற்றவர்களோடு விடுவார்கள். வேறு ரேஸில் உலகச் சம்பியனாக இருந்தவன் வந்தாலும் இங்கே ரெக்ரூதான். ஊரில் பாங்க் மனேஜராக இருந்தவர்கள் இங்கே ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில் இது எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. இன்னொன்று, கடைசியில் சிறந்த ரெக்ரூ யார் என்று வாக்குப்போட்டு எடுக்கும்போது எத்தனையாவதாக வந்தான் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எப்படி நடந்துகொண்டான் என்றும் பார்ப்பார்கள். இந்த நாட்டில் எனக்கும் அப்படி ஒரு வாக்கெடுப்பு இருந்திருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும் என்று நான் நெடுங்காலம் நம்பினேன்.

ஒரு வருடம் ஒரு ரெக்ரூ கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரைக்கும் முதலாவதாக நின்றான். முன்னால் மெதுவாகப் போன ஒரு காரை வெளிப்பக்கத்தால் தாண்டப் போய், சுவரில் மோதி, உடைந்த காரோடு வழுக்கிக்கொண்டே இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தான். சனம் முழுக்க எழும்பி நின்று தலையில் கை வைத்தது. நான் எழும்பவில்லை. கையில் வடையை வைத்துக்கொண்டு, "நான் எண்டால் அந்தக் காருக்குப் பின்னால நிண்டிருப்பன்" என்று சொன்னேன். அதைச் சொன்னவன் அதுவரையில் பின்னால் நின்ற ஒரே வாகனம் பஸ்.

கார் ஓடப் பழகாததற்கு நேர்மையான காரணம் பயம். வந்த முதல் மாரியில் ஒரு பஸ் பனியில் வழுக்கி, அவசரமே இல்லாமல், ஒரு மரத்தை நோக்கிப் போனதைப் பார்த்தேன். அந்த அவசரமின்மைதான் என்னைப் பயப்படுத்தியது. பிறகு கல்யாணம் வந்தது. மனைவி பழகினாள். பிள்ளையைக் கார்டரிக்கு, பகலில் பிள்ளை பார்க்கிற இடத்துக்கு, கூட்டிப் போக ஒருத்தர் ஓடினால் போதும் என்று ஆனது. நான் பக்கத்துச் சீற்றில் இருந்து வெளியால எடு, இப்ப உள்ளுக்கு வெட்டு, வேகத்தைக் குறைக்காதே என்று உதவி செய்தேன். ரொறன்ரோ போகிற வழியில் ஒருமுறை அவள் காரை ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்து, வந்து ஓடுங்கோ என்று மரியாதையாகச் சொன்னாள். நான் முன்னால் இருந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பிப் போய் ஸ்ரியரிங்கைப் பிடித்தாள்.

பிறகு அவள் மகனோடு ரொறன்ரோவுக்கே போய்விட்டாள். சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு அங்கே வேலை கிடைத்தது, எனக்கு இங்கே வேலை இருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று இருவரும் நினைத்தோம், பிறகு மறந்துபோனோம். காரும் அவளோடு போனது. நியாயம்தான், ஓடுகிறவள் அவள்.

நான் வில்லரேயில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புத் தோய்ப்பேன். சந்தைக்குப் போய், வாங்க வேண்டியது இல்லாவிட்டாலும் தக்காளியை அமத்திப் பார்ப்பேன். மகனுக்குப் போன் எடுப்பேன். 'ஐம் குட், அப்பா' என்பான். நானும் குட் என்பேன். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல எதுவும் இருக்காது. போனை வைக்கிறது ஆர் என்று கொஞ்ச நேரம் மரியாதைக்கு நிற்போம். ஒருமுறை ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது, சில்லு மாற்றப் போகும்போது எப்படி வேகம் குறைக்க வேண்டும் என்று நான் தேத்தண்ணிக் கேத்தலுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்ததை நானே கண்டுபிடித்தேன். கேத்தல் பொறுமையாகக் கேட்டது. பிறகு விசில் அடித்தது.

அந்தக் காலத்தில்தான் நண்பர் அழைத்தார். நாங்கள் இருவரும் ஒரு கேக் பக்டறியில் ஒரே பெல்ற்றில் வேலை செய்தோம். கேக்கைப் பெட்டிக்குள் வைப்பது அவர், மூடுவது நான். எட்டு மணித்தியாலம் முகத்துக்கு முகம் நிற்கிறவனோடு ஏதாவது கதைக்க வேண்டும். நான் ரெக்ரூக்களைப் பற்றிக் கதைத்தேன். ஒருநாள் அவர், நீர் என்ன கார் வைத்திருக்கிறீர் என்று கேட்டார். "இப்ப இல்லை, ஐசே" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் சொன்ன திறமான பொய் அதுதான். தனியே இருந்தா ரேஸ் பார்க்கிறீர் என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். வீட்டுக்கு வாரும், பெரிய ரீவி இருக்கிறது என்றார்.

அப்படித்தான் ஒவ்வொரு மே கடைசி ஞாயிறும் ரொக்ஸ்பரோ ஸ்ரேஷனில் இறங்கி அவர் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினேன். நல்ல குடும்பம். அவர், மனைவி, ஒரு மகள். மனைவி என்னை அண்ணை என்பார். எனக்கென்று ஒரு சோபா, பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதில் வடை. நான் ஏன் காரில் வருவதில்லை என்று அவர்கள் யோசிக்காமல் இருக்க வேண்டுமே, அதற்காகப் பியர் குடித்தேன். இரண்டு பியர் குடிக்கிறவன் ரயிலில் வருவது பொறுப்பான காரியம். எனக்குப் பியர் பிடிக்காது. குதிரைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன்.

ரேஸ் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன். இவன் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறான், பயந்துபோனான். அவன் பயந்ததை ஒத்துக்கொண்டு ஓடுகிறான், அவனைக் கவனியும். இப்படியே கடைசிச் சுற்று வரைக்கும். நண்பர் தலையை ஆட்டுவார். பாதியில் எழும்பிப் போய்ப் புல்லுக்குத் தண்ணீர் விடுவார். பதற்றம் தாங்க முடியவில்லை என்று நினைப்பேன். அவர் மனைவி வடையை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனால் முடியும்வரை வர மாட்டார். மகள் சின்னவளாக இருக்கும்போது பக்கத்தில் இருந்து படம் கீறுவாள், வளர்ந்த பிறகு போனைப் பார்ப்பாள். முடிந்ததும் நான் என் வருடத்தின் சிறந்த ரெக்ரூவை அறிவிப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, அடுத்த மே வரைக்கும் பெட்டி மூடுவேன்.

இந்த வருடம், ரேஸுக்கு ஒரு கிழமை இருக்கும்போது நண்பர் போன் எடுத்தார். மகளுக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது, ஒரு சின்னப் புதுக் கார் எடுத்திருக்கிறார்கள். ரேஸ் ஞாயிறு காலையில் கோயிலில் காருக்குப் பூசை. மனைவி பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார். காருக்கு அது நல்ல நாள். ஆனால் தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே ராசி, அன்றைக்கு இரண்டு பேருக்கும் சந்திராட்டமம். புது விஷயம் எதிலும் கை வைக்கக் கூடாது. மனைவிக்கு ஓடத் தெரியாது. ஆகவே நாலு சில்லுக்கும் முன்னால் ஐயர் தேசிக்காய் வைத்த பிறகு, அதை நசித்துக்கொண்டு முதல் ஓட்டம் ஓட ஒரு நல்ல கை வேண்டும்.

"உம்மைவிட எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றார். "நாலு தேசிக்காயை நசிச்சால் காணும். பேந்து வீட்ட வந்து ரேஸைப் பாப்பம்."

நான் ஓம் என்றேன்.

ஏன் ஓம் என்றேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் இத்தனை வருடமும் அந்தச் சோபாவில் இருந்து அலம்பியது முழுவதும் ஒரு பஸ் பயணியின் அலம்பல் என்று ஆகிவிடும். அப்படியான ஆளை யார் கூப்பிடுவார்கள்? அவர்கள் கோபிப்பார்கள் என்று நான் பயப்படவில்லை. மரியாதையாகக் கூப்பிடாமல் விடுவார்கள் என்றுதான் பயந்தேன். வருடத்தில் ஒரு நாள், ஒரு வீட்டில், ஒரு இடம் எனக்கென்று எடுத்துவைக்கப்பட்டிருந்தது. எனக்கு வேறு இடம் இல்லை.

பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு ட்ரைவிங் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நடத்துகிறவர் ஒரு பஞ்சாபிக்காரர். எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கேட்டேன். வகுப்பு, சோதனை எல்லாம் சேர்த்து ஒரு வருடம் மட்டில் என்றார். எனக்கு அவ்வளவு தேவையில்லை, மூன்றடி முன்னுக்குப் போனால் போதும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூன்றடிக்குத் தனியாக வகுப்பு இல்லை என்றார்.

ஆகவே வீட்டில் பழகினேன். குசினிக் கதிரையில் இருந்து, காலுக்குக் கீழே இரண்டு செருப்பை வைத்து, ஒன்று பிறேக், ஒன்று வேகம் என்று மிதித்தேன். யூடியூப்பில் ஒரு பெடியன் விளங்கப்படுத்தினான். ஆனால் அவன் எல்லாவற்றுக்கும் வலது காலைத்தான் பாவித்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. இண்டியானாபோலிஸில் ஓடுகிறவர்கள் இடது காலால்தான் பிறேக் பிடிப்பார்கள். இருபது வருடம் பார்த்தவனுக்கு இது தெரியாதா? நான் இரண்டு காலாலும் பழகினேன்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் பின்னால் கார் நிற்கும் இடத்தில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. சாம்பல் நிறக் கார், நெற்றியில் சந்தனமும் குங்குமமும், கண்ணாடிக்குக் கீழே பூமாலை. கோயிலுக்கு வந்த வேறு ஆட்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். ஐயர் கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார், குனிந்து நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார். நண்பர் திறப்பை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். அவர் மனைவி தலையைக் குனிந்து கும்பிட்டுக்கொண்டு நின்றார். மகள் ஒரு பக்கமாக, கையைக் கட்டிக்கொண்டு, தன்னுடைய காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஏறி இருந்தேன். சீற்றைச் சரிசெய்தேன். கண்ணாடியைத் திருப்பினேன். மற்றக் கண்ணாடியையும் திருப்பினேன். இதுவரை எல்லாம் திறம். திறப்புப் போடுகிற ஓட்டையைத் தேடினேன். ஓட்டை இல்லை, ஒரு பொத்தான் இருந்தது. அமத்தினேன். ரேடியோ பாடத் தொடங்கியது. திரும்ப அமத்தினேன், நின்றது. வெளியே எல்லோரும் பக்தியோடு காத்துக்கொண்டிருந்தார்கள். மகள் மெதுவாக வந்து ஜன்னலில் குனிந்து, "பிறேக்கை மிதிச்சுக்கொண்டு அமத்துங்கோ, அங்கிள்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். அவள் குரலில் இருந்து, அவளுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கிவிட்டது.

அப்போது இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. இடது காலால் பிறேக்கை மிதித்தேன், அமத்தினேன், கார் உயிர் வந்து உறுமியது. கியரை ஒரு தட்டு இழுத்தேன். வலது காலால் வேகத்தை மிதித்துக்கொண்டு, ரேஸ் தொடங்குகிற கொடியைப் பார்த்திருக்கிறவன் மாதிரி, இடது காலை எடுத்தேன்.

ஒரு தட்டு இழுத்தால் வருவது பின்னுக்குப் போகிற கியர். குசினிக் கதிரையில் அது இருக்கவில்லை.

கார் பாய்ந்தது. எனக்கு முன்னால் நின்ற ஐயரும் நண்பரும் சட்டென்று சின்னவர்களாகிப் போனார்கள். பின்னால் ஒரு பெரிய சத்தம். இடது கால் தன்பாட்டில் பிறேக்கை மிதித்தது, அந்த ஒரு காரியத்தை மட்டும் அது ஒழுங்காகச் செய்தது. கோயிலின் நீல மீள்சுழற்சித் தொட்டி விழுந்து, அபிஷேகத்துக்கு உடைத்த பால் பெட்டிகள் எல்லாம் கார்த்தரிப்பிடம் முழுக்க உருண்டன. இண்டியானாபோலிஸில் வென்றவனுக்குக் குடிக்கப் பால் கொடுப்பார்கள். எனக்கு வெறும் பெட்டிகள் கிடைத்தன.

ஐயர்தான் முதலில் வாய் திறந்தார். "தேசிக்காய் முன்னுக்கல்லோ இருக்கு" என்றார், கோபமே இல்லாமல்.

மகள் கதவைத் திறந்தாள். "இறங்குங்கோ அங்கிள், நான் செய்யிறன்."

"பிள்ளை, இண்டைக்கு உனக்குக் கூடாது" என்றார் தாய்.

"அம்மா, இதைவிடக் கூடாம இன்னும் என்ன நடக்கப்போகுது?"

அவள் ஏறி இருந்தாள். நான் திருப்பிய கண்ணாடிகளைத் தனக்கு அளவாகத் திருப்பினாள். பின்னால் ஒருமுறை பார்த்தாள், முன்னால் ஒருமுறை பார்த்தாள். கை இறுக்கம் இல்லை. கண் தேசிக்காயில் இல்லை, தூரத்தில் இருந்தது. கார் மூச்சு விடுகிற மாதிரி மெதுவாக முன்னுக்கு வந்தது. தேசிக்காய்கள் ஒவ்வொன்றாக நசிந்த சத்தம் நின்ற எல்லோருக்கும் கேட்டது. பிறகு அதே மெதுவோடு நின்றது. அந்த வருடத்தின் சிறந்த ரெக்ரூவை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். சொல்ல வாய்வரை வந்தது. பால் பெட்டிகளைப் பொறுக்கப் போனேன்.

நண்பரும் வந்து பக்கத்தில் பொறுக்கினார். "உமக்கு ஓடத் தெரியாதோ?" என்றார்.

"தெரியாது."

"லைசன்ஸ்?"

"இல்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லை, ஐசே."

அவர் காரின் பின்பக்கத்துக் கீறலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு, சரி, வாரும், சாப்பிடுவம் என்றார்.

வீட்டில் சோபா அதே இடத்தில் இருந்தது. சின்ன மேசை, வடை, எல்லாம் இருந்தன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. நண்பர் வழக்கம்போலப் பியரைத் திறந்து நீட்டினார். வேண்டாம், எனக்குப் பியர் பிடிக்காது என்றேன். லைசன்ஸ் இல்லை என்றதைவிட இதற்குத்தான் அவர் அதிகம் அதிர்ந்தார். பிறகு ஏன் இத்தனை வருடம் குடித்தீர் என்று கேட்டார். ரயிலில் வந்ததற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது என்றேன். திறந்த பியரை அவர் தானே குடித்தார்.

ரேஸ் தொடங்கியது. நான் வாய் திறக்கவில்லை. ஒரு ரெக்ரூ சில்லு மாற்ற உள்ளே வந்து, வேகத்தைக் குறைக்கத் தெரியாமல், தனக்காகக் காத்துநின்ற ஆட்களைத் தாண்டிப் போய் நின்றான். அவர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால் ஓடினார்கள். வேறு நாள் என்றால் அதற்கு நான் பத்து நிமிஷம் பேசுவேன். இன்றைக்கு அவனுடைய ஹெல்மெற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளே ஒரு முகம் இருந்திருக்கும். அது எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் பேசாத அந்த அறையை அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்தேன். நண்பர் கொஞ்ச நேரத்திலேயே வாய் திறந்தபடி நித்திரையாகிப் போனார். குசினியில் அவர் மனைவி யாரோ சினேகிதியோடு போனில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மகள் சில்லுகளில் ஒட்டிக்கிடந்த தேசிக்காய்த் தோலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரீவியில் கார்கள் சுற்றின. யாரோ வென்றான், பால் குடித்தான். எழுப்ப வேண்டாம் என்று நானே எழும்பி ரீவியை நிறுத்தினேன். இந்த வருடம் ஆர் சிறந்த ரெக்ரூ என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு வருடமும் ஒருத்தரும் கேட்டதில்லை.

நடந்து போகிறேன் என்று சொன்னேன். தாய் விடவில்லை. பிள்ளை ஓடிப் பழகட்டும், ஸ்ரேஷனில் விடச் சொல்கிறேன் என்றார். ஒரு பையில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு தானும் பின் சீற்றில் ஏறிக்கொண்டார். நான் முன்னால், மகளுக்குப் பக்கத்தில். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டேன். சிவப்பு விளக்கில் அவள் வலது பக்கம் சிக்னல் போட்டுவிட்டு அசையாமல் நின்றாள். மொன்றியல் தீவில் சிவப்புக்கு வலது பக்கம் திரும்பக் கூடாது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பச்சை விழுந்ததும் திரும்பினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்ரேஷன் வாசலில் இறங்கி, கதவைச் சாத்தி, குனிந்து நின்றேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. வழியில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். காரைக் கீறினதுக்கு மன்னிக்க வேண்டும், இத்தனை வருடம் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிக் கதைத்ததுக்கும் மன்னிக்க வேண்டும், அடுத்த வருடம் வந்து உங்களைக் கரைச்சல்படுத்த மாட்டேன் என்றேன். நல்ல வசனங்கள். குரலும் சரியான இடத்தில் கொஞ்சம் உடைந்தது. மகள் ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் பின் கண்ணாடியை இறக்கி, சோற்றுப் பையை என் கையில் தந்தார்.

"எங்கட வீட்டில ஒருத்தருக்கும் அந்தக் கார் ஓட்டம் பிடிக்காது, அண்ணை" என்றார். "நீங்கள் தனிய இருந்து பாக்கிறீங்கள் எண்டுதான் ரீவியைப் போடுறது."